‘அட்டெண்டர் யாரு?’

(திருச்சியிலிருந்து ஒரு வாசகி எழுதியது. பெயர் வேண்டாம் என்று கேட்டிருந்தார். அடையாளம் தெரியக்கூடிய சில வரிகளை எடுத்துவிட்டேன்.)

அன்புள்ள சார்,

உங்களை ஆறேழு வருடமாகப் படிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. எனக்கு 41 வயது. கணக்குப் பிரிவில் வேலை. கணவருக்கு வெளியூரில் வேலை, சனிக்கிழமை வந்து திங்கள் விடியற்காலை கிளம்பிவிடுவார். பையன் பிளஸ் ஒன் படிக்கிறான். அம்மா என்னோடு இருக்கிறார்.

கார்த்திகையில் அம்மாவுக்கு நிமோனியா வந்து ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். 23 நாள் ஐ.சி.யூ. அதில் 9 நாள் வெண்டிலேட்டர். தம்பி பெங்களூரில் இருக்கிறான், இரண்டு முறை வந்து போனான். ராத்திரிக் காவல் முழுக்க நான்தான். ஐ.சி.யூ. வாசலில் இரும்பு நாற்காலி, அதன் கீழே பாய். கதவைத் திறந்து, நோயாளியின் பெயரைச் சொல்லி, “அட்டெண்டர் யாரு?” என்று கூப்பிடுவார்கள். மருந்துச் சீட்டாக இருக்கலாம், பணம் கட்டச் சொல்லலாம், கையெழுத்து வாங்கலாம். ஆறாம் நாள் விடியற்காலை பக்கத்துப் பாயில் படுத்திருந்தவரை அப்படிக் கூப்பிட்டார்கள். உள்ளே போனவர் தலையில் அடித்துக்கொண்டு வெளியே வந்தார். அன்றிலிருந்து அந்தக் கதவு திறக்கும்போதெல்லாம் எனக்கு அடிவயிறு கலங்கும்.

அம்மா பிழைத்துவிட்டார். வீட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. நடக்கிறார், சீரியல் பார்க்கிறார், ரசத்தில் உப்பு இல்லை என்று சண்டை போடுகிறார். நான்தான் சரியில்லை. ராத்திரி மூன்று மணிக்கு யாரோ எழுப்பியது மாதிரி விழிப்பு வருகிறது. போன் அடித்தால் நெஞ்சு தூக்கிப்போடுகிறது. குக்கர் விசிலுக்குக் கை உதறுகிறது. ஆபீஸில் ஒரே வவுச்சரை மூன்று முறை பார்க்கிறேன். அம்மா கூப்பிட்டால் எரிச்சல் வருகிறது, அப்புறம் பாத்ரூமில் போய் அழலாம் என்றால் அழுகை வரமாட்டேன் என்கிறது. சனிக்கிழமை மதியம் தவறாமல் தலைவலி.

இ.சி.ஜி., எக்கோ, தைராய்டு, ரத்தம் எல்லாம் பார்த்தாகிவிட்டது. “உங்களுக்கு ஒண்ணுமில்லம்மா” என்றார் டாக்டர். மாமியார், “நரம்புத் தளர்ச்சி, பேரீச்சம்பழம் சாப்பிடு” என்கிறார். ரீல்ஸில் நரம்பு மண்டலத்தை ரீசெட் செய்ய ஐஸ் தண்ணீரில் முகத்தை முக்கச் சொல்கிறார்கள். அதையும் செய்து பார்த்தேன், சளி பிடித்தது. அம்மாவுக்கு எழுதிக்கொடுத்த தூக்க மாத்திரையில் பாதியை இரண்டு முறை போட்டிருக்கிறேன். சமயபுரத்துக்கு மாவிளக்கு போடுவதாக வேண்டிக்கொண்டது, அதற்குக்கூட இன்னும் போக முடியவில்லை.

எல்லாம் நல்லபடியாக முடிந்த பிறகு ஏன் இப்படி? இது நிஜமாகவே ஏதாவதா, அல்லது நான் வேஷம் போடுகிறேனா?

– திருச்சி வாசகி

அன்புள்ள திருச்சி வாசகிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேஷம் இல்லை. குக்கர் விசிலுக்குக் கையை உதறச் செய்து யாராலும் நடிக்க முடியாது.

டாக்டர் “ஒண்ணுமில்ல” என்றது உங்கள் இதயத்தைப் பற்றி. அதை அப்படியே நம்புங்கள், நிம்மதியாக இருங்கள். முதலில் உடம்பைச் சோதித்துப் பார்த்தது மிகச் சரி. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும், ரத்தம் குறைந்தாலும் இதே படபடப்பு வரும். 41 வயது என்பதால் மாதவிடாய் முன்பின் ஆகிறதா என்பதையும் ஒரு பெண் மருத்துவரிடம் சொல்லிவையுங்கள். அந்த மாற்றம் தொடங்கும் காலத்திலும் நெஞ்சு படபடக்கும், நடுராத்திரி வியர்த்து விழிப்பு வரும். அவ்வளவுதான். அதற்கு மேல் ஸ்கேன் எடுக்க அலைய வேண்டாம்.

உங்கள் நிலைமை அபூர்வமானதும் இல்லை. 2005-இல் பிரான்ஸில் 21 ஐ.சி.யூ.க்களில் இருந்த நோயாளிகளின் குடும்பத்தாரை, 90 நாள் கழித்துக் கூப்பிட்டு விசாரித்தார்கள். நோயாளிகளை அல்ல, வெளியே காத்திருந்தவர்களை. மூன்றில் ஒருவருக்கு, போர்முனையிலிருந்து திரும்பியவர்களிடம் காணப்படும் வகை அதிர்ச்சி அறிகுறிகள் இருந்தன. 2012 வாக்கில் தீவிர சிகிச்சை மருத்துவர்களே இதற்கென்று ஒரு தனிப்பெயர் வைத்தார்கள், ‘ஐ.சி.யூ.வுக்குப் பிந்தைய குடும்ப நோய்க்குறி’ என்று தமிழில் சொல்லலாம். உங்களுக்கும் இப்போது கிட்டத்தட்ட அதே 90 நாள்தான் ஆகியிருக்கிறது. அந்த ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு டிஸ்சார்ஜ் சம்மரி கொடுத்தார்கள். உங்களுக்கு யாரும் ஒரு துண்டுச் சீட்டுகூடத் தரவில்லை.

என்ன நடந்தது என்று பார்ப்போம். ஒருவரை வாசலில் உட்காரவைத்து, எந்த நேரம் என்று சொல்லாமல், ஒரே மாதிரியான குரலில் கூப்பிடுகிறார்கள். அந்தக் குரலுக்குப் பின்னால் ஐந்நூறு ரூபாய் மருந்தும் இருக்கலாம், சாவும் இருக்கலாம். எது என்று எழுந்து போனால்தான் தெரியும். 23 ராத்திரி. உடம்பைப் பழக்க இதைவிடக் கச்சிதமான ஏற்பாட்டை எந்த ஆராய்ச்சிக்கூடத்திலும் செய்ய முடியாது. கூப்பிட்ட குரலை என்னவென்று யோசிப்பதற்குள், சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் சுரப்பிகள் அட்ரினலின் என்ற ஹார்மோனைக் கொட்டிவிடும். இதயம் வேகமெடுக்கும், ரத்தம் கைகால் தசைகளுக்கு ஓடும், வயிறு வேலையை நிறுத்தும். அட்ரினலின் ரத்தத்தில் சில நிமிடம்தான் நிற்கும். பின்னாலேயே வரும் இன்னொரு ஹார்மோன் கார்டிசால் அப்படியில்லை, உச்சத்துக்குப் போகவே இருபது முப்பது நிமிடம் ஆகும். அது இறங்குவதற்குள் அடுத்த அழைப்பு. இப்படியே போனால் உடம்பு இறங்குவதற்கான முயற்சியையே விட்டுவிடுகிறது. எப்படியும் கூப்பிடத்தானே போகிறார்கள் என்று பாதிப் படியிலேயே நின்றுகொள்கிறது.

வயிறு வேலையை நிறுத்துவதைக் கண்ணால் பார்த்தவர் அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன். ஹார்வர்டில் மாணவராக இருந்தபோது, 1890-களின் கடைசியில், அப்போதுதான் வந்திருந்த எக்ஸ்ரேயை வைத்துப் பூனையின் இரைப்பை அசைவதைக் கவனித்துக்கொண்டிருந்தார். பூனை கலவரமடைந்ததும் அசைவு நின்றது, சமாதானமானதும் மறுபடி தொடங்கியது. ‘சண்டை போடு அல்லது ஓடு’ என்ற விளக்கத்துக்கெல்லாம் அவர் பின்னாளில்தான் வந்தார். தொடக்கம் இந்தப் பூனை வயிறுதான். நம் ஊரில் இதற்கு எக்ஸ்ரே தேவைப்பட்டதில்லை. ‘சோறு இறங்கல’ என்று சொல்லிவிடுகிறோம்.

உங்களுக்கு வரும் மூன்று மணி விழிப்பையும் சொல்லிவிடுகிறேன். நள்ளிரவை ஒட்டி அடிமட்டத்தில் இருக்கும் கார்டிசால் பின்னிரவில் மெல்ல ஏறத் தொடங்கும். எல்லோருக்கும் அப்படித்தான். அந்த நேரத்துத் தூக்கமும் மெலிதாகத்தான் இருக்கும். மற்றவர்கள் புரண்டு படுத்துக்கொள்வார்கள். நீங்கள் காவல்காரர், எழுந்து உட்கார்ந்துவிடுகிறீர்கள்.

மாமியார் சொன்ன ‘நரம்புத் தளர்ச்சி’க்கு ஒரு வரலாறு உண்டு. 1869-இல் ஜார்ஜ் பியர்ட் என்ற அமெரிக்க மருத்துவர் இப்படி ஒரு நோயைப் பிரபலப்படுத்தினார். பேட்டரியில் சார்ஜ் இறங்குவது மாதிரி நரம்பின் சக்தி தீர்ந்துபோகிறது என்பது அவர் கணக்கு. உலகம் முழுக்கப் பரவி, நம் ஊர்ச் சுவர்களுக்கு வந்துசேர்ந்து, லாட்ஜில் மாதம் ஒரு நாள் முகாமிடும் வைத்தியர்களின் விளம்பரத்தில் அது வேறு அர்த்தமே எடுத்துக்கொண்டது. (பஸ்ஸில் போகும்போது படித்திருப்பீர்கள்.) உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பட்டியலில் போன பதிப்பு வரை இருந்த அந்தப் பெயரை, இப்போதைய பதிப்பில் எடுத்துவிட்டார்கள். உங்கள் நரம்பு தளரவில்லை. தளர மறுக்கிறது என்பதுதான் சிக்கல். பேரீச்சம்பழத்தைச் சாப்பிடுங்கள், நல்ல பழம்தான்.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், நானும் ஒரு காலத்தில் ராத்திரிக் காவல்காரன். ஒரு நாளிதழில் பதினோரு வருடம் நைட் டெஸ்க். ஒன்றே முக்காலுக்குக் கடைசிப் பக்கம் அச்சுக்குப் போயாக வேண்டும். ஒன்றரைக்கு மேல் டெஸ்க் போன் அடித்தால், ஒன்று எங்கோ யாரோ பெரிய மனிதர் இறந்திருப்பார், அல்லது தலைப்பில் நாங்கள் தப்பு விட்டிருப்போம். வேலையை விட்டு நாலு மாதம் ஆகியும் ஒன்றரைக்கு உடம்பு எழுந்து உட்கார்ந்தது. எனக்கு என்ன பிரச்சினை என்று முதலில் கண்டுபிடித்தவர் பல் டாக்டர். ஒரு கடைவாய்ப்பல் உடைந்து அவரிடம் போயிருந்தேன். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, “ராத்திரி பல்லை நறநறன்னு கடிக்கிறீங்களா?” என்றார். எனக்குத் தெரியாது. வீட்டில் கேட்டால், வருஷக்கணக்காகக் கடிக்கிறீர்கள், வயிற்றில் பூச்சி என்று நினைத்துக்கொண்டிருந்தேன் என்றாள் மனைவி.

அப்புறம் நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்ல வேண்டும். ஊருக்குப் போய் இரண்டு வாரம் சும்மா படுத்துக் கிடந்தேன். ஓய்வுதான் மருந்து என்று எண்ணம். ஐந்தாம் நாளே நிலைமை மோசமாகிவிட்டது. விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பவனுக்குத் தன் நாடித்துடிப்பைத் தவிர வேறு சத்தமே கேட்காது. பிற்பாடு படித்தபோது தெரிந்தது, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஃபிலடெல்ஃபியாவில் வெயர் மிட்செல் என்ற பெரிய டாக்டர் இதையே சிகிச்சையாக விற்றிருக்கிறார். ஆறேழு வாரம் படுக்கையை விட்டு எழக் கூடாது, பாலாகக் குடிக்க வேண்டும், படிக்கக் கூடாது, எழுதக் கூடாது. பெரும்பாலும் பெண்களுக்குத்தான் எழுதிக்கொடுத்தார். சிலருக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. உங்களிடம் யாராவது “ஒரு வாரம் லீவு போட்டுப் படு” என்றால் அரை மனதோடு கேட்டுக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமைத் தலைவலியும் இந்தக் கூட்டத்தில்தான் சேர்த்தி. அழுத்தம் ஏறும்போது வராமல், ஏறியது இறங்கும் முதல் சில மணி நேரத்தில் ஒற்றைத் தலைவலி வருவதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். கணவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போது உங்கள் உடம்பு ஒரு படி இறங்குகிறது. அவரால்தான் தலைவலி என்று சண்டை போட்டுவிடாதீர்கள்.

அம்மாவிடம் வரும் எரிச்சலைப் பற்றி ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். கடிதத்திலேயே கனமான வரி அதுதான் என்று நினைக்கிறேன். மூன்று வாரம் சாமியிடம் எந்த உயிரைக் கேட்டு மன்றாடினீர்களோ, அந்த உயிர் இப்போது “ரசத்தில் உப்பில்லை” என்கிறது, உங்களுக்குக் கத்த வேண்டும்போல் இருக்கிறது. இது பாசம் குறைந்ததன் அடையாளம் இல்லை. இந்த நிலையில் இருக்கும் உடம்புக்கு எல்லாக் குரலும் அந்தக் கதவுக் குரல்தான். ‘அம்மா கூப்பிடுகிறார்’ என்று மனம் புரிந்துகொள்வதற்குள், ‘அட்டெண்டர் யாரு’ என்று உடம்பு கேட்டுவிடுகிறது. அழுகை வராததும் அதே கணக்குதான். எந்த நேரமும் எழுந்து ஓட வேண்டியவளுக்கு உட்கார்ந்து அழ ஏது நேரம்? ஒரு நாள் வரும். பெரும்பாலும் சம்பந்தமே இல்லாத இடத்தில், ரேஷன் கடை வரிசையிலோ டவுன் பஸ்ஸிலோ வரும். வந்தால் வரட்டும்.

சரி, ரீல்ஸ். ஐஸ் தண்ணீர் முழுப் பொய் இல்லை. குளிர்ந்த நீர் முகத்தில் பட்டால் இதயத்துடிப்பு குறைவது உண்மை, நீரில் மூழ்கும் உயிரினங்களோடு நமக்கு இருக்கும் பழைய உறவு அது. ஆனால் அதன் பலன் சில நிமிடம். இதயக் கோளாறு உள்ளவர்கள் விளையாட்டாகச் செய்து பார்க்கவும் கூடாது. ‘வேகஸ் நரம்பை ரீசெட் செய்’ என்கிறார்களே, அந்த வேகஸ் மூளைத்தண்டிலிருந்து கழுத்து வழியாக இதயம், நுரையீரல், குடல் வரை போகும் பத்தாவது மூளை நரம்பு. லத்தீனில் அலைந்து திரிவது என்று அர்த்தம். நாடோடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பற்றி மூன்று படிகள், நிறங்கள் என்று அழகாகப் படம் போட்டுச் சொல்வதெல்லாம் ஸ்டீஃபன் போர்ஜஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1994-இல் முன்வைத்த ஒரு கொள்கையிலிருந்து வருகிறது. உடலியல் அறிஞர்களில் பலர் அதை இன்னும் ஏற்கவில்லை. ஆனால் அந்த நரம்பைப் பற்றிச் சண்டையே இல்லாத ஒரு செய்தி இருக்கிறது. அதன் இழைகளில் பெரும்பகுதி மூளையிலிருந்து கீழே போவதில்லை, கீழேயிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகிறது. அதனால்தான் ‘எல்லாம் முடிந்துவிட்டது, அமைதியாக இரு’ என்று நீங்கள் தலைக்குள்ளிருந்து சொல்லும் புத்திமதி எடுபடவில்லை. கீழேயிருந்து சாட்சி வர வேண்டும்.

மூச்சு அப்படி ஒரு சாட்சி. உள்ளே இழுக்கும்போது இதயம் சற்று வேகமாகும், வெளியே விடும்போது மெதுவாகும். நாடியில் விரல் வைத்தால் நீங்களே உணரலாம். அதனால் வெளியே விடுவதை நீட்டினால் போதும். 2023-இல் ஸ்டான்ஃபோர்டில் ஒரு மாதம், தினம் 5 நிமிடம் வெவ்வேறு குழுக்களுக்கு வெவ்வேறு பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். மூக்கால் இழுத்து, அதன் மேலேயே இன்னொரு சின்ன இழுப்பு இழுத்து, வாயால் நீளமாக விடுவது, அதாவது வேண்டுமென்றே விடும் பெருமூச்சு, மனநிலையை அதிகம் தேற்றியது. திருமூலர் மூச்சை இழுக்கும் பூரகத்துக்கு 16 மாத்திரை (கண்ணிமைக்கும் நேர அளவு), விடும் ரேசகத்துக்கு 32 என்று கணக்கு வைத்திருக்கிறார், வெளியே விடுவது இரண்டு மடங்கு. (நடுவில் அவர் சொல்லும் 64 மாத்திரைக் கும்பகத்தை, அதாவது மூச்சை அடக்குவதை, வீட்டில் முயற்சி செய்யாதீர்கள்.) 2001-இல் இத்தாலியில் ஜெபமாலை சொல்பவர்களையும் மந்திரம் சொல்பவர்களையும் அளந்தபோது, இருவரின் மூச்சும் நிமிடத்துக்கு ஆறு என்ற கணக்கில் வந்து நின்றது. நம் பாட்டிகள் திண்ணையில் சாய்ந்து ‘அப்பாடா’ என்று விட்டார்களே, அதுவும் சும்மா இல்லை. மூன்று மணி விழிப்பில் இதைச் செய்யுங்கள். மணி பார்க்காதீர்கள். தூக்கம் வந்தே தீர வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

இதெல்லாம் துணைக்கு. எனக்கு உங்கள் கடிதத்தில் உறுத்தியது வேறு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது அம்மாதான், நீங்கள் இன்னும் வரவில்லை. உங்களைக் காவலிலிருந்து யாரும் விடுவிக்கவில்லை. இன்றைக்கும் அம்மாவின் மாத்திரை, செக்கப், ராத்திரி இருமினால் எழுந்து பார்ப்பது, சொந்தக்காரர்கள் “அம்மா எப்படி இருக்காங்க” என்று கேட்டு அடிக்கும் போன், எல்லாம் உங்களிடம்தானே? அப்படியானால் உங்கள் உடம்பு செய்வது தப்பே இல்லை. மாற்று ஆள் வராமல் காவல்காரன் தூங்கக் கூடாது என்ற விதியை ஒழுங்காகப் பின்பற்றுகிறது.

அதனால் முதல் காரியம், தம்பியிடம் பேசுங்கள். பணம் அனுப்புகிறான் என்று எழுதாமலே எனக்குத் தெரிகிறது. பணம் வேறு, முறை வேறு. வாரத்தில் இரண்டு ராத்திரி, வெள்ளி சனி என்று வைத்துக்கொள்ளுங்கள், சொந்தக்காரர் போன் முழுக்க அவனுக்குப் போகட்டும். மாதம் ஒரு சனி ஞாயிறு அவன் நேரில் வந்து அம்மாவின் அறையில் படுக்கட்டும், அன்றைக்கு நீங்கள் வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குங்கள். முதல் தடவை தூக்கம் வராது. காதைத் தீட்டிக்கொண்டுதான் கிடப்பீர்கள். மூன்றாவது நான்காவது தடவையில், இருமல் கேட்டும் எழ வேண்டாம், ஆள் இருக்கிறது என்பதை உடம்பு நம்பத் தொடங்கும். பிளஸ் ஒன் படிக்கும் பையனும் பாட்டிக்கு ஒரு வேளை மாத்திரை எடுத்துக் கொடுக்கலாம், தேர்வு ஒன்றும் கெட்டுப்போகாது.

இரண்டாவது, போனின் ரிங்டோனை இன்றைக்கே மாற்றுங்கள். ஆஸ்பத்திரியில் அடித்த அதே சத்தத்தைத்தான் இன்னும் வைத்திருக்கிறீர்கள் என்று பந்தயம் கட்டுவேன். நானும் வைத்திருந்தேன்.

அப்புறம் நடை. தசைக்கு ஓடு என்று உத்தரவு போட்டு, மூன்று மாதமாக ஓடவிடாமல் நாற்காலியில் உட்காரவைத்திருக்கிறீர்கள். சாயங்காலம் அரை மணி நேரம், முடிந்தால் பேச்சுத்துணையோடு. என்னைத் தேற்றியதில் பாதிப் பங்கு பக்கத்துத் தெரு ஓய்வுபெற்ற வாத்தியாருக்கு. எட்டு மாதம் தினமும் அவரோடு நடந்தேன். தன் வீட்டு போர்வெல்லைத் தவிர அவர் வேறு எதைப் பற்றியும் பேசியதில்லை. அவசரமே இல்லாத ஒரு குரலை தினம் அரை மணி நேரம் கேட்பது எவ்வளவு பெரிய வைத்தியம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

நம் ஊரில் குழந்தை திடுக்கிட்டு ராத்திரி அலறினால் ‘பயந்த கோளாறு’ என்பார்கள். தர்காவுக்கோ, வேப்பிலை வைத்து மந்திரிக்கும் பாட்டியிடமோ மூன்று நாள் அந்தி நேரத்தில் தூக்கிப்போவார்கள். மதம் யாரும் பார்ப்பதில்லை. எனக்கு மந்திரத்தில் நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்த ஏற்பாட்டைப் பாருங்கள். நம்மை ஒருவர் கைபிடித்துக் கூட்டிப்போகிறார். வயதான ஒருவர் தாழ்ந்த குரலில் ஒரே சீராக முணுமுணுக்கிறார். ஒரு நாளோடு விடுவதில்லை, மூன்று நாள். முடிந்ததும் நெற்றியில் திருநீறோ, முகத்தில் ஊதிய காற்றோ, ‘போ, இனி பயமில்லை’ என்று ஒரு முடிவு. பெரியவர்களுக்குத்தான் இப்படிக் கூட்டிப்போக ஆள் இல்லை.

நான் கோயிலுக்குப் போகிற ஆள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். இருந்தும் சொல்கிறேன், சமயபுரம் போய்விட்டு வாருங்கள். சாவு என்றால் பதினாறாம் நாள் காரியம் செய்து, முடிந்தது என்று ஊருக்கும் உடம்புக்கும் சொல்கிறோம். பிழைத்து வந்தால் அப்படி முடித்துவைக்க நம்மிடம் இருப்பது நேர்த்திக்கடன் ஒன்றுதான். அதை நீங்கள் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறீர்கள். இந்த மாதத்தில் அங்கே என்ன நடக்கிறது என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். மாசிக் கடைசி ஞாயிறு பூச்சொரிதலில் தொடங்கி, பக்தர்களுக்காக அம்மனே பச்சைப்பட்டினி விரதம் இருக்கிறாள். துள்ளுமாவும் நீர்மோரும் பானகமும்தான் நைவேத்தியம். அதுவும் 28 நாள்தான். 28-ஆம் நாளோடு விரதம் முடிந்து அவளுக்கும் தளிகை, அதாவது சமைத்த படையல், உண்டு. உலகத்தையே காக்கிறவளுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. உங்களுக்கு 23 நாள் போய் இப்போது மேலும் 90 நாள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். மாவிளக்கு மாவை அன்றைக்கு அம்மாவே பிசையட்டும்.

இனி ஒரு எச்சரிக்கை. பத்து நாள் நன்றாக இருப்பீர்கள், பதினோராம் நாள் ஏதோ ஒரு லிஃப்ட் சத்தத்துக்கோ டெட்டால் வாசனைக்கோ எல்லாம் திரும்ப வந்துவிடும். ‘போச்சு, முதலிலிருந்தா’ என்று நினைப்பீர்கள். இதை ரஷ்ய உடலியல் அறிஞர் பாவ்லோவ் தன் நாய்களிடமே பார்த்தார். மணியடித்துச் சாப்பாடு போட்டுப் பழக்கிய நாய்க்கு மணிச் சத்தம் கேட்டாலே எச்சில் ஊறும். பிறகு மணியை மட்டும் அடித்துச் சாப்பாடு தராமலே விட்டால் எச்சில் ஊறுவது நின்றுவிடும். கொஞ்ச காலம் விட்டு மறுபடி மணியடித்தால் திரும்ப ஊறும், ஆனால் முன்னை விடக் குறைவாக. பழைய பாடம் அழிவதில்லை, அதன் மேல் புதுப்பாடம் எழுதப்படுகிறது. அதனால் படபடப்பு வருகிறதா என்று கணக்குப் பார்க்காதீர்கள், வந்தால் அடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். குக்கர் விசில் அடித்து நெஞ்சு பழையபடி ஆக இன்றைக்குப் பத்து நிமிடம் ஆகிறது என்றால், அடுத்த மாதம் ஆறு ஆகலாம். அது போதும். கையில் கட்டும் வாட்ச் காட்டும் எண்களைப் பார்க்க வேண்டாம். அதைப் பார்த்தே படபடப்பு வந்தவர்களை எனக்குத் தெரியும்.

மாத்திரை விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகப் பேசுகிறேன். இரண்டு முறையோடு நிறுத்துங்கள். அந்த வகைத் தூக்க மாத்திரைகள் பழகிவிடும், இந்த அதிர்ச்சிக்கு அவை மருந்தும் இல்லை. உங்களுக்கு அறிகுறி ஒரு மாதத்தைத் தாண்டிவிட்டது, ஆபீஸ் வேலையைத் தொடுகிறது. எனவே ஒரு மனநல மருத்துவரைப் பார்ப்பதுதான் முறை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் புறநோயாளிப் பிரிவிலேயே பார்க்கலாம். அந்த நினைவைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப் பேசித் தணிக்கும் சிகிச்சைகள் இருக்கின்றன, தேவைப்பட்டால் பழக்கமாகாத மாத்திரைகளும் இருக்கின்றன. மாமியாரிடம் ‘தூக்கத்துக்கு டாக்டர்’ என்று சொல்லிக்கொள்ளுங்கள், அது பொய் இல்லை. வாழ்வதில் அர்த்தமில்லை என்பது மாதிரி நினைப்பு எட்டிப் பார்த்தால், காத்திருக்காமல் 14416-க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ், இலவசம், எந்த நேரமும் தமிழில் பேசுவார்கள்.

காப்பியைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் திருச்சிக்காரர், கணக்குப் பிரிவு, மூன்று மணிக்கு விழிப்பு. நாளைக்கு நாலு டம்ளராவது இருக்கும். குடித்த காஃபீனில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் ரத்தத்தில் இருக்கும். மதியத்துக்கு மேல் வேண்டாம்.

தம்பியிடம் இந்த வெள்ளிக்கிழமைக்குள் பேசிவிடுங்கள். பேசத் தயக்கமாக இருந்தால் இந்தப் பதிலை அப்படியே அவனுக்கு அனுப்புங்கள். அதற்கும் மசியவில்லையென்றால் நம்பரைக் கொடுங்கள், நான் கூப்பிடுகிறேன். ராத்திரி ஒன்றரை மணிக்குக் கூப்பிட்டு எனக்குப் பழக்கம் உண்டு.